விமானப் பயம் உள்ளவர்களுக்கு: டிக்கெட் போடுவதிலிருந்து தரையிறங்கும் வரை

பேத்தி பிறந்த செய்தி வந்தபோது நான் நாக்பூர் ஸ்டேஷனில் நின்ற ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தேன். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான் என்று பேசி வைத்திருந்தோம். டாக்டர் பயணம் வேண்டாம் என்று சொன்னதால் மகள் டெல்லியிலேயே தங்கிவிட்டாள். வலி முன்கூட்டியே வந்துவிட்டது. சென்னையிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போயிருக்கலாம். எனக்கு விமானம் என்றாலே கை நடுங்கும். அதற்கு முன் இரண்டு முறை டிக்கெட் போட்டு, புறப்படுவதற்கு முந்தைய இரவு ரத்து செய்து, ஏறக்குறைய 11,000 ரூபாயை இழந்திருந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எடுத்துக்கொண்டு, தெரிந்துகொள்ள வேண்டியதை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு பறந்தேன். இதுவரை ஆறு முறை. பயம் முழுசாகப் போகவில்லை, ஆனால் பயணத்தைத் தடுக்கும் அளவுக்கு இப்போது இல்லை. எனக்கு எட்டு மாதம் ஆனது உங்களுக்கு ஆறு வாரத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எதற்குப் பயம் என்று முதலில் எழுதுங்கள்

"விமானப் பயம்" என்று ஒரே பெயர் சொன்னாலும் அது எல்லோருக்கும் ஒன்று கிடையாது. விழுந்துவிடுமோ என்பது ஒரு பயம். கதவைச் சாத்தினால் இறங்க முடியாதே என்பது வேறு. எல்லோர் முன்னாலும் மூச்சு முட்டி மயங்கிவிடுவேனோ என்பது இன்னொன்று. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

விழுந்துவிடுமோ என்ற பயத்துக்கு, விமானம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நன்றாக உதவும். மற்ற இரண்டுக்கும் அந்த அறிவு பாதிதான் உதவும். மனநல மருத்துவரை ஒருமுறை பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பெரிய செலவு ஆகாது. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யலாம். அது மத்திய அரசின் இலவச உதவி எண், தமிழிலும் பேசலாம்.

மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதை முதலில் வீட்டில் ஒருநாள் போட்டுப் பாருங்கள். உங்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது தரையிலேயே தெரிந்துவிட வேண்டும். வெளிநாடு போகிறவர்கள் மருந்துச் சீட்டின் அசலைக் கையில் வைத்திருங்கள். பதற்றத்துக்குத் தரும் சில மாத்திரைகளுக்கு அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, முன் அனுமதி கேட்பார்கள். டிக்கெட் போட்ட அன்றே அந்த நாட்டின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

2. எண்ணிக்கையை ஒரே ஒருமுறை நேராகப் பாருங்கள்

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பயம் வந்தால் அது நியாயமான பயம். ஆபத்தே இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆபத்து எவ்வளவு என்பதுதான் தெரிய வேண்டும். உலகம் முழுக்க 2018 முதல் 2022 வரை நடந்த வணிக விமானப் பயணங்களை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 1.37 கோடி பயணிகள் ஏறினால் ஒரு மரணம் என்று வந்தது. பக்கத்தில் இன்னொரு எண்ணையும் வையுங்கள்: 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர். தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கு இரவுப் பேருந்தில் அசந்து தூங்கிக்கொண்டு போகிற நான், விமானத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

இந்த எண்களைப் பார்த்ததும் மூடிவிடுங்கள். மீண்டும் மீண்டும் பார்த்தால் மனம் சமாதானமாகாது, புதிய சந்தேகத்தைத்தான் தேடும். விபத்து வீடியோக்களை அறவே நிறுத்துங்கள். ஒன்று பார்த்தால் அடுத்த பத்து உங்கள் போனில் தானாக வரும்.

3. "ஒன்று கெட்டுப்போனால்?" என்ற கேள்விக்குப் பதில்

என் பயத்தின் வேர் இந்தக் கேள்விதான். இதற்குப் பதில் தந்தது 2024 அக்டோபர் 11-ஆம் தேதி மாலை. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 140-க்கும் மேற்பட்டவர்களுடன் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் அமைப்பில் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் வட்டமடித்தது. டிவியில் நேரலை. நானும் கையைப் பிசைந்துகொண்டுதான் பார்த்தேன். இறங்க முடியாமல் தவிக்கிறது என்று நினைத்தேன்.

உண்மை வேறு. வளைகுடாவுக்குப் போக நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் எடை அதிகம். அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்திலேயே வெளியேற்றும் வசதி கிடையாது. அதனால் சுற்றிச் சுற்றி எரித்துக் குறைத்தார்கள். அந்த இரண்டு மணி நேரமும் விமானிகள் நடைமுறைப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும், கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் தயாராகவும் நேரம் கிடைத்தது. இரவு எட்டு மணிக்கு மேல் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் காயமில்லை. கீழிருந்து பார்த்த எனக்குத் தவிப்பாகத் தெரிந்த அந்த வட்டங்கள், விமானிகளுக்குப் பயிற்சியில் செய்து பழகிய வேலை.

எந்த முக்கியமான பாகமும் ஒன்றோடு நிற்காது, மாற்று இருக்கும் என்று அன்றைக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். எனக்கு உதவியவை இவை:

என்ஜின்: இரட்டை என்ஜின் விமானம் ஒரே என்ஜினில் பறக்கவும் இறங்கவும் முடியும். ஓடுபாதையில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியபின் ஒன்று நின்றாலும் மற்றதைக் கொண்டே மேலெழும்பும். அந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன்பே போட்டு வைக்கிறார்கள்.

இரண்டுமே நின்றால்: கல் மாதிரி விழாது, சறுக்கி இறங்கும். 35,000 அடியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போகலாம், அதாவது சென்னைக்கு மேலே நின்றால் புதுச்சேரி வரை. 2001-இல் அட்லாண்டிக் கடலுக்கு மேல் எரிபொருள் முழுக்கத் தீர்ந்துபோன ஏர் டிரான்சாட் விமானம் 19 நிமிடம் அப்படியே சறுக்கி, அசோர்ஸ் தீவில் இறங்கியது. அதில் இருந்த 306 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

இறக்கை: ஆடுவதைப் பார்த்தால் பயமாக இருக்கும். அது வளையும்படிதான் கட்டப்படுகிறது. பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கிக் காட்டினால்தான் சான்றிதழ்.

விமானிகள்: எப்போதும் இரண்டு பேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில், அதாவது விமானி அறை மாதிரியே இயங்கும் பயிற்சி இயந்திரத்தில், தேர்வு. கிளம்பும்போது என்ஜின் நிற்பது, தீப்பிடிப்பது எல்லாம் அங்கே அவர்களுக்கு வழக்கமான பாடம். நம் நாட்டில் பணிக்கு முன் ஊதிக் காட்டும் மதுச் சோதனையும் உண்டு.

4. டிக்கெட்: எந்த விமானம், எந்த நேரம், எந்த இருக்கை

நான் செய்த பெரிய தவறு, முதல் பயணத்தையே டெல்லிக்குப் போட்டது. முதல் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம், உங்களுக்கு அவசரமே இல்லாத ஊராக இருக்கட்டும். சென்னை–கோவை, சென்னை–பெங்களூரு, சென்னை–மதுரை ஏதாவது ஒன்று. திரும்பி வர ரயில் டிக்கெட் போட்டு வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. நான் அப்படித்தான் கோவை போனேன்.

- நேரம்: காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் கிளம்புவது. வெயில் ஏறி நிலம் சூடானால் காற்று மேலெழும்பிக் குலுக்கல் கூடும். கோடையில் மாலை நேர இடிமழையும் உண்டு.
- மாதம்: அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் வடகிழக்குப் பருவமழை. முதல் பயணத்தை அப்போது வைக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரி நல்லது.
- விமான வகை: சிறு ஊர்களுக்குச் செல்லும் ஏடிஆர் விமானம் பாதுகாப்பானதுதான். ஆனால் சிறியது, தாழ்வாகப் பறப்பது, அதனால் குலுக்கல் கூடுதலாகத் தெரியும். முதல் முறைக்கு ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 பாருங்கள். டிக்கெட் போடும் பக்கத்திலேயே வகை எழுதியிருக்கும்.
- இருக்கை: இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகள். தராசின் நடு முள் மாதிரி அங்கே ஆட்டம் குறைவு. வாலில் அதிகம். கதவு மூடினால் பயம் என்பவர்கள் நடைபாதை ஓரம் எடுங்கள்.

செலவு: மூன்று வாரம் முன்னால் போட்டபோது எனக்குக் கோவை டிக்கெட் 3,100 ரூபாய், இருக்கைத் தேர்வுக்கு 350. இருக்கைக்குக் காசு கொடுக்க மனம் வராது. ஆனால் பயம் உள்ளவர்களுக்கு இந்த 350 வீண் செலவில்லை.

ஒரு எச்சரிக்கை: மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணம் போய்விடும். வரியும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்க வேண்டும், அது விதி. நான் தெரியாமல் விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

5. ஆவணங்களும் பையும்

பயத்தோடு போகிறவருக்குக் கவுன்ட்டரில் ஒரு சின்னச் சிக்கல் வந்தாலும் போதும், அதையே சாக்காக வைத்துத் திரும்பிவிடுவோம். அதனால் இதை முன்பே முடித்து வையுங்கள்.

நம் பெயர்தான் முதல் தொல்லை. நமக்கு இனிஷியல்தான் உண்டு, டிக்கெட் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதையே போடுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தில் இனிஷியலை விரித்துத் தந்தை அல்லது கணவர் பெயரை எழுதுங்கள். வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே வர வேண்டும். தவறு கண்டால், விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகப் போட்ட டிக்கெட்டுக்கு 24 மணி நேரத்துக்குள் சொன்னால் கட்டணம் இல்லாமல் திருத்த வேண்டும்.

உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்றின் அசல் போதும். போனில் எடுத்த படம் போதாது. சென்னையிலும் கோவையிலும் டிஜி யாத்ரா என்ற முக அடையாள வசதி இருக்கிறது. ஆதாரோடு முந்தைய நாளே பதிவு செய்துகொண்டால் வாசலில் முகத்தைக் காட்டிவிட்டுப் போகலாம், வரிசை குறையும்.

பை: உள்நாட்டில் வழக்கமாகக் கைப்பை 7 கிலோ, உள்ளே போடும் பெட்டி 15 கிலோ. முதல் பயணத்துக்குக் கைப்பை மட்டும் கொண்டு போங்கள். பெட்டியைப் போட்டபின் கடைசி நிமிடத்தில் ஏற மறுத்தால், அந்தப் பெட்டியைத் தேடி இறக்கிய பிறகே விமானம் கிளம்பும். அந்த நினைப்பே பதற்றத்தை இரட்டிப்பாக்கும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பிறகு ஊறுகாய் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு போகிற நாள் வரும்போது அதைப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

6. பத்து நாள் பயிற்சி

ஃபிளைட்ரேடார்24 என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். நீங்கள் போகப்போகும் விமான எண்ணை அதில் போட்டு, தினமும் அது கிளம்புவதையும் இறங்குவதையும் பாருங்கள். ஒரு சிறு நோட்டில் தேதியும் இறங்கிய நேரமும் குறித்து வையுங்கள். பத்தாவது நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு அது பேருந்து அட்டவணை மாதிரி சாதாரணமாகத் தெரிந்தது. எந்தப் புள்ளிவிவரமும் எனக்குச் செய்யாததை அந்த நோட்டு செய்தது.

கூடவே மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். காலையும் இரவும் ஐந்து நிமிடம். பதற்றம் வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது, பழகியிருக்க வேண்டும்.

7. அந்த நாள்

உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால், வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். வெப் செக்-இன், அதாவது இணையத்திலேயே போர்டிங் பாஸ் எடுப்பதை, முந்தைய நாளே முடித்துவிடுங்கள். உள்நாட்டில் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், ஏறும் வாசலை ஏறக்குறைய 25 நிமிடம் முன்னால். சென்னையில் உள்நாட்டு முனையங்கள் இரண்டு. டி1-ஆ டி4-ஆ என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காபி வேண்டாம். இட்லி மாதிரி லேசாக ஏதாவது சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் படபடப்பு கூடும். ஏறும்போது பணிப்பெண்ணிடம், "எனக்கு விமானப் பயம், இதுதான் முதல் முறை" என்று சொல்லிவிடுங்கள். எனக்கு இது கூச்சமாக இருந்தது. சொன்னதும் அந்தப் பெண், "நடுவில் வந்து பார்க்கிறேன்மா" என்றார். சொன்னபடி இரண்டு முறை வந்தார்.

8. நிமிடத்துக்கு நிமிடம் என்ன கேட்கும், என்ன தெரியும்

இந்தப் பகுதியைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பயம் பெயர் தெரியாத சத்தங்களால் வருவது.

கிளம்பும் முன்: மேலே உள்ள துவாரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி வரலாம். சென்னையின் ஈரக் காற்று ஏசியில் குளிர்ந்து உண்டாகும் பனி அது. ஏர்பஸ் 320-இல் காலுக்குக் கீழே மரம் அறுப்பது போலவோ நாய் குரைப்பது போலவோ சத்தம் வரும். ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சமன் செய்யும் கருவி அது. இரவு என்றால் விளக்கை மங்கலாக்குவார்கள். தேவைப்பட்டால் வெளியே பார்க்கக் கண் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக.

ஓடுபாதையில்: முதுகு இருக்கையில் அழுந்தும், சக்கரங்கள் தடதடக்கும். முப்பது நாற்பது நொடிதான். எண்ணுங்கள். நான் ஒவ்வொரு முறையும் எண்ணுகிறேன், ஐம்பதைத் தொட்டதில்லை.

எழும்பிய உடனே: "தொம்" என்று ஒரு சத்தம், சக்கரம் உள்ளே போய்க் கதவு மூடுகிறது.

ஒரு நிமிடம் ஆனபின்: இதுதான் என்னைக் கொன்ற இடம். என்ஜின் சத்தம் சட்டென்று குறையும், வயிறு கீழே இறங்குவது போலிருக்கும். என்ஜின் நின்றுவிட்டது என்று நான் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டேன். ஓடுபாதையை விட்டு எழும்பத் தேவைப்பட்ட அளவு என்ஜின் விசை இனி வேண்டாம் என்பதால் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. உள்காது தவறாகச் சொல்கிறது.

"டிங்" என்ற மணி: எச்சரிக்கை இல்லை. பணியாளர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும், பெல்ட் விளக்கு மாறுவதும் அப்படித்தான் ஒலிக்கும்.

உயரத்தில்: உள்ளே காற்றழுத்தம் ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள். கடுமையான சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுவது நல்லது.

இறங்கும்போது: இறக்கையின் மேல் பலகைகள் எழும்பி விமானம் அதிரும், அது வேகத் தடை. பிறகு மோட்டார் ஓடும் சத்தத்தோடு இறக்கை நீளும். சக்கரம் தொட்டதும் என்ஜின் உறுமும். உந்துவிசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கிறார்கள்.

சில சமயம் தரையைத் தொடப் போகும் நேரத்தில் மீண்டும் வேகமாக மேலே ஏறிவிடும். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாளில் சென்னையில் ஒரு விமானம் அப்படி ஏறிய வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்றோ ஓடுபாதையோ சரியில்லை என்றால் இறங்கக் கூடாது என்பதுதான் விதி. அப்படி மேலே ஏறினால், விமானி சரியான முடிவெடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

9. குலுக்கல் வந்தால்

காற்று ஓட்டத்தின் வேக மாற்றத்தில் விமானம் ஆடுகிறது, ஆற்று நீரில் படகு ஆடுகிற மாதிரி. ஆயிரக்கணக்கான அடி விழுந்தது போலத் தோன்றினாலும் பெரும்பாலும் சில அடிகள்தான். மிக மோசமான ஒன்றையே சொல்கிறேன். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானத்தில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். ஐந்து நொடிக்குள் அது இறங்கிய உயரம் 178 அடி என்று விசாரணையில் தெரிந்தது. விமானம் உடையவில்லை, பாங்காக்கில் இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதுவதுதான் இப்படிப்பட்ட நேரத்தில் உண்மையான ஆபத்து. அதனால் விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு அதுதான்.

குலுக்கலின்போது பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலைத் தட்டில் வைத்துப் பாருங்கள். உடம்பு சொல்வதற்கும் பாட்டிலில் தண்ணீர் ஆடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். கைப்பிடியை இறுகப் பிடிக்காதீர்கள். கையையும் தோளையும் தளர்த்தி, ஆறு எண்ணி மூச்சை விடுங்கள்.

10. இறங்கியதும்

பெல்ட் விளக்கு அணையும் வரை எழாதீர்கள். வெளியே வந்ததும் ஓரமாக உட்கார்ந்து, பயந்தவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அந்த நோட்டிலேயே எழுதுங்கள். அடுத்த டிக்கெட்டை இரண்டு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். நான் மூன்று மாதம் விட்டேன், பாதிப் பயம் திரும்ப வந்துவிட்டது. மீண்டும் கோவையிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. டெல்லிக்கு நான் பறந்து போய் இறங்கியது பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், காலை 9.10-க்கு.